தண்ணி போடும்போது மட்டும்தான் தம்

பல் கிளினிக்குக்குப் புதிதாக வருகிற யாரிடமும் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். சுகர் உண்டா, பிரஷர் மாத்திரை போடுகிறீர்களா, ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறீர்களா, அப்புறம் சிகரெட், பாக்கு, குடி. முதல் மூன்றுக்கும் பதில் டக்கென்று வரும். கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு முறை வாசல் பக்கம் பார்ப்பார்கள், வீட்டம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரா என்று. அதற்குப் பிறகு வரும் பதில், மதுரை பழங்காநத்தத்தில் நான் கிளினிக் போட்ட நாளிலிருந்து பெரிதாக மாறவே இல்லை. "டெய்லி எல்லாம் இல்ல டாக்டர். தண்ணி போடும்போது மட்டும்தான் தம்மு."

சொல்லும்போதே முகத்தில் ஒரு நிம்மதி வந்துவிடும். தினமும் ஊதுகிற ஆள் இல்லை, மொடாக்குடியும் இல்லை, சனிக்கிழமை ராத்திரி கூட்டாளிகளோடு உட்காரும்போதோ, ஊரில் கெடா வெட்டு, காதுகுத்து என்று போகும்போதோ ரெண்டும் சேர்ந்து நடக்கும், அவ்வளவுதான், அதனால் தன்னை இந்தப் பட்டியலிலேயே சேர்க்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். தினமும் ரெண்டு பாக்கெட் காலி செய்கிறவரைவிட இவருக்கு ஆபத்து குறைவுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் என்று புகையும் சரக்கும் உரசிக்கொண்டு போகிற இடங்கள் இருக்கின்றனவே, அங்கே இந்த ரெண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஒன்றும் ஒன்றும் ரெண்டு ஆவதில்லை. அதற்கு வெகு மேலே போகிறது. எந்தக் கூட்டணியைச் சமாதானமாகச் சொல்கிறார்களோ, அந்தக் கூட்டணிதான் பிரச்சினையே.

சிகரெட்டால் கேன்சர் வரும் என்பதைத் தெரியாதவர்கள் இப்போது இல்லை. தியேட்டரில் படம் போடுவதற்கு முன்னால் பயமுறுத்துகிறார்கள், 2016 ஏப்ரலிலிருந்து பாக்கெட்டில் 85 சதவீதம் படமும் எச்சரிக்கையும்தான். குடியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: லிவர். லிவர் போகும், வயிறு வீங்கும், மஞ்சள் காமாலை வரும். வாய்ப் புற்றுநோய் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பாட்டில் லேபிளிலும் உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்றெல்லாம் இருக்கும், புற்றுநோய் என்ற பேச்சு இருக்காது. அயர்லாந்தில் 2023ல் இதற்கென்றே விதி கொண்டுவந்தார்கள், மதுவுக்கும் புற்றுநோய்க்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று பாட்டிலிலேயே போட வேண்டும் என்று. இங்கே அந்தப் பேச்சையே காணோம். விற்பதும் அரசு, எச்சரிப்பதும் அரசு என்றால் வேறென்ன நடக்கும், சரி அது தனிக் கதை.

உலக சுகாதார அமைப்பின் கீழ் இருக்கிற சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை, மதுவைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்கிற முதல் பிரிவில் சேர்த்தது 1988ல். புகையிலைப் புகையும் அதே பிரிவுதான், ஆஸ்பெஸ்டாஸும் அதே பிரிவுதான். ஒரே பிரிவில் இருப்பதால் எல்லாம் ஒரே அளவு ஆபத்து என்று அர்த்தம் இல்லை, சான்று அத்தனை உறுதியாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். மதுவோடு தொடர்பு உறுதியான புற்றுநோய்கள் குறைந்தது ஏழு: வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடலும் மலக்குடலும், பெண்களுக்கு மார்பகம். இந்தக் கடைசி ஒன்றைப் பற்றி நம் ஊரில் பேசவே மாட்டோம், ஏனென்றால் பெண்கள் குடிப்பதே இல்லை என்று நாமெல்லாம் சேர்ந்து முடிவு செய்துவிட்டோம். நடவுக்குப் போய்விட்டு வந்து உடம்பு வலிக்கிறது என்று கொஞ்சம் ஊற்றிக்கொள்கிற ஆச்சிகள் என் பெஞ்சிலும் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் என்னிடம் மறைப்பதும் இல்லை.

குடித்த சரக்கு கல்லீரலுக்குப் போய்த்தான் வேலையைத் தொடங்கும் என்று நினைக்கிறோம். இல்லை, வாயிலேயே தொடங்கிவிடுகிறது. சரக்கில் இருக்கிற ஆல்கஹாலுக்கு எத்தனால் என்று பெயர், அது உடையும்போது முதலில் கிடைப்பது அசிட்டால்டிஹைடு என்கிற பொருள். செல்லுக்குள் இருக்கிற டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொண்டு அதைக் கெடுக்கும், கெட்டதைச் சரிசெய்கிற வேலையையும் நடக்க விடாது. கல்லீரலில் இதை அடுத்த கட்டத்துக்கு மாற்றித் தொல்லையில்லாமல் ஆக்குகிற நொதி நிறைய இருக்கிறது. வாயில் அந்த வசதி குறைவு. ஆனால் எத்தனாலை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிற பாக்டீரியாக்கள் வாயில் ஏராளம், பல் சரியாகத் தேய்க்காமல் காரை படிந்த வாயில் இன்னும் ஏராளம். அதனால் ஒரு மடக்கு குடித்ததும் எச்சிலில் அசிட்டால்டிஹைடு ஏறிவிடுகிறது. இதில் சிகரெட் எங்கே வருகிறது என்றால், முதலாவதாக, புகையிலேயே அசிட்டால்டிஹைடு இருக்கிறது. ரெண்டாவதாக, புகைப்பவர் வாயில் வளர்கிற பாக்டீரியாக் கூட்டம் அதை இன்னும் வேகமாகத் தயாரிக்கிறது. மூன்றாவதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. புகையிலைப் புகையில் ஏழாயிரத்துக்கும் மேலான வேதிப்பொருள்கள், அதில் எழுபது வாக்கில் புற்றுநோய் உண்டாக்குபவை. எச்சில் ஈரம் படிந்த வாயின் உள்தோல் இவற்றை ஓரளவுக்குத் தடுத்து நிறுத்தும். மது அந்தத் தடுப்பைத் தளர்த்திவிடும், பல பொருள்களைத் தன்னில் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கவும் வைக்கும், பெயின்டில் தின்னர் ஊற்றினால் சுவருக்குள் இறங்குகிறதே அது மாதிரி. போதாக்குறைக்குக் குடித்தால் வாய் வறண்டுபோகும், கழுவி விடுகிற எச்சிலும் குறைந்துபோகும். மூன்று மணி நேரம் ஒரு மேஜையில் உட்கார்ந்து மடக்கு, இழுப்பு, மடக்கு, இழுப்பு என்று போனால் உள்ளே நடப்பது இதுதான்.

எவ்வளவு கூடுகிறது என்பதற்கு ஒரு பழைய ஆய்வைத்தான் இன்றைக்கும் எல்லோரும் சொல்கிறார்கள். அமெரிக்காவில் வாய், தொண்டைப் புற்றுநோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு 1988ல் வெளியானது. தினமும் ரெண்டு பாக்கெட்டோ அதற்கு மேலோ சிகரெட், கூடவே நாளைக்கு நாலு பெக்குக்கு மேல் மது என்று இருந்தவர்களுக்கு, ரெண்டும் இல்லாதவர்களைவிட ஆபத்து 35 மடங்குக்கும் மேல். ரெண்டு பழக்கமும் சேரும்போது ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறவில்லை, கிட்டத்தட்ட பெருக்கல் கணக்கில் ஏறியது என்பதுதான் அதன் சாரம். புரியும்படி ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம், ஒன்று ஆபத்தை மூன்று மடங்காக்குகிறது, இன்னொன்று நாலு மடங்காக்குகிறது என்றால் ரெண்டும் உள்ளவருக்கு ஏழு அல்ல, பன்னிரண்டு.

"நாலு பெக்குக்கு மேல எல்லாம் நாங்க போக மாட்டோம் டாக்டர், ஒரு குவாட்டர்தான்." இதையும் கேட்டுவிட்டேன். அங்கே சொல்கிற பெக் வேறு, நம் ஊர்க் கணக்கு வேறு. குவாட்டர் என்றால் 180 மில்லி, லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது 77 மில்லி சுத்தமான ஆல்கஹால், எடைக்குச் சொன்னால் சுமார் 60 கிராம். அமெரிக்காவில் ஒரு டிரிங்க் என்றால் 14 கிராம். உலக சுகாதார அமைப்பு 10 கிராமை ஓர் அளவு என்று வைக்கிறது. ஆக ஒரு குவாட்டரிலேயே அவர்களுடைய நாலு டிரிங்க் முடிந்து மிச்சமும் இருக்கிறது. பாதியாகப் பிரித்துக் கட்டிங் போட்டாலும் ரெண்டுக்கு மேல் வருகிறது. யாருக்கும் இந்தக் கணக்குத் தெரியாது, தெரியாததில் தப்பும் இல்லை, யாரும் சொல்லித்தரவில்லை.

பீர் தானே என்பார்கள். 650 மில்லி பாட்டிலில் 5 சதவீதம் என்றால் சுமார் 25 கிராம், ஸ்ட்ராங் என்று 8 சதவீதம் வரை போனால் 40ஐத் தாண்டும், யாராவது ஸ்ட்ராங் இல்லாத பீர் கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த பாட்டில் என்றால் பெருமையாக இருக்கலாம், எத்தனால் எத்தனால்தான். ஒயின் இதயத்துக்கு நல்லதாமே என்று ஒரு பேங்க் மேனேஜர் கேட்டார். புற்றுநோய் விஷயத்தில் ஒயின், பீர், பிராந்தி என்று பேதம் கிடையாது. உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில், மதுவில் இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய ஓர் அளவே இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. குறையக் குறைய ஆபத்து குறையும், ஆனால் எங்கேயும் பூஜ்யம் ஆவதில்லை.

இதற்கெல்லாம் மேலே ஒரு பிரம்மாஸ்திரம் இருக்கிறது. "எங்க தாத்தா பீடியும் சாராயமுமா எண்பத்தஞ்சு வயசு வரைக்கும் இருந்தாரு." திருமங்கலம் போனால் ஒரு தாத்தா, உசிலம்பட்டி போனால் ஒரு தாத்தா, ஊருக்கு ஒருவர் இருப்பார். இருந்திருக்கலாம், நான் பொய் என்று சொல்லவில்லை. ஆபத்து 35 மடங்கு என்றாலும் எல்லோருக்கும் வரும் என்று அர்த்தம் இல்லை. புகையே தொடாத சிலருக்கு வருவதும், நாள் பூராவும் ஊதிய சிலர் தப்பிப்பதும் நடக்கத்தான் செய்யும். ஆனால் எண்பத்தைந்து வரை இருந்த தாத்தாதான் திண்ணையில் உட்கார்ந்து கதை சொன்னார், பேரன் பேத்திக்கெல்லாம் ஞாபகம் இருக்கிறார். ஐம்பதில் தொண்டையில் கட்டி வந்து, கஞ்சி இறங்காமல் போய்ச் சேர்ந்த அவருடைய கூட்டாளியை யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அந்தக் காலத்தில் அதற்குப் பேர்கூட வைக்கவில்லை, "தொண்டை அடைச்சுப் போயிட்டாரு" என்பதோடு முடிந்துவிடும். வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், தாத்தா கதைக்குப் பக்கத்திலேயே ஒரு தொண்டை அடைச்ச கதையும் கிடைக்கும்.

பாக்கை விட்டுவிட்டு இதைப் பேசி முடிக்க முடியாது. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எனக்கும் சந்தோஷம்தான், அந்த இலை மேல் எந்த வழக்கும் இல்லை. வழக்கு அதற்குள் மடிக்கிற பாக்கு மேலும் புகையிலை மேலும்தான். புகையிலை சேர்க்காமல் வெறும் கொட்டைப்பாக்கு போட்டாலும் அது புற்றுநோய் உண்டாக்கும் என்று அதே புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் முடிவு சொன்னது. பாக்கு போடுகிறவர்களுக்கு இன்னொன்றும் நடக்கும், கன்னத்தின் உட்பக்கம் நார் நாராக இறுகி வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். பானிபூரி வாய்க்குள் போகவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு பையனுக்கு ரெண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறந்தது. குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013லேயே தடை. தடை இருக்கிறது, அந்தப் பையன் பாக்கெட்டில் பொட்டலமும் இருந்தது. குடியும் சிகரெட்டும் பாக்கும் மூன்றும் சேர்ந்த வாய் என்றால் எனக்கே கை கொஞ்சம் மெதுவாகிவிடும், ஒவ்வொரு மூலையாகப் பார்ப்பேன்.

எனக்கு ஒரு கவலை உண்டு, இது என் ஊகம்தான், ஆய்வு இல்லை. சில்லறை மது விற்பனை முழுவதையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது 2003 நவம்பரில். அதற்குப் பிறகு கடைக்குப் பக்கத்திலேயே பார், தண்ணீர் பாக்கெட், அவித்த முட்டை, மாங்காய்த் துண்டு, உள்ளேயே சிகரெட் என்று எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் வந்துவிட்டன. அப்போது இருபது வயதில் தொடங்கியவர்கள் இன்றைக்கு நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். இந்தப் புற்றுநோய்கள் பழக்கம் தொடங்கி இருபது, முப்பது வருஷம் கழித்துத்தான் தலைகாட்டும். அந்தத் தலைமுறை இப்போது என் நாற்காலிக்கு வருகிறது, பெரும்பாலும் பல் கறை எடுக்க, பிள்ளைக்குக் கல்யாணமோ மச்சினன் கல்யாணமோ இருக்கும், போட்டோவில் பல் வெள்ளையாகத் தெரிய வேண்டும். கறை எடுக்க வந்த இடத்தில் நாக்கின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் திட்டு கண்ணில் படும்.

அந்தத் திட்டைப் பற்றித்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். வாயில் வெள்ளையாக ஒரு படலம், சுரண்டினாலும் போகாது, வலியே இருக்காது. அல்லது வெல்வெட் மாதிரி சிவப்பாக ஒரு இடம், இது வெள்ளையைவிட மோசம். அல்லது ரெண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண். ஆடுகிற பல், ஆனால் ஈறில் அதற்கேற்ற நோய் இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் கரகரத்த குரல், விழுங்கும்போது ஒரு பக்கம் மட்டும் உறுத்தல், கழுத்தில் வலிக்காத கட்டி. எல்லாம் புற்றுநோய் என்று இல்லை, பெரும்பாலும் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும், சொத்தைப் பல்லின் கூர்முனை உரசிக்கூடப் புண் ஆறாமல் நிற்கும். ஆனால் வலி இல்லை என்பதால் விட்டுவிடுவது, நம் ஊரில் எல்லோரும் செய்வது அதுதான். வலித்தால்தான் நோய். வலிக்க ஆரம்பிக்கும்போது அது பல நேரம் தள்ளிப்போயிருக்கும். சூட்டுப்புண் என்று நல்லெண்ணெய் கொப்பளிப்பார்கள், மணத்தக்காளிக் கீரை சாப்பிடுவார்கள், பி காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போடுவார்கள். செய்யுங்கள், ரெண்டு வாரத்துக்கு மட்டும்.

அப்புறம், சதை எடுத்து டெஸ்ட் பண்ண வேண்டும் என்று சொன்னால் பாதிப்பேர் திரும்பி வருவதில்லை. "கத்தி பட்டா பரவிடும் டாக்டரம்மா." இந்தப் பேச்சு எத்தனை பேரைக் கெடுத்திருக்கிறது என்று நினைத்தால் எரிச்சலாக வருகிறது. வாயில் மரக்க ஊசி போட்டு மிளகு அளவுக்குத் துண்டு எடுப்பார்கள், ஒன்று ரெண்டு தையல், கொஞ்ச நாளில் ஆறிவிடும், அதனால் பரவுவதில்லை. டெஸ்ட் எடுக்கப் பயந்து ஆறு மாதம் கழித்து வருவார்கள், அதற்குள் நோய் தானாகவே பரவியிருக்கும், பழி மட்டும் கத்தி மேல். முதல் கட்டத்தில் பிடித்தால் ஆபரேஷனோடு முடிந்து நல்லபடியாக வீடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். மதுரையில் பெரியாஸ்பத்திரி இருக்கிறது, அதன் புற்றுநோய்ப் பிரிவு பாலரெங்காபுரத்தில் இருக்கிறது, எங்கே போவது என்று தெரியவில்லை என்கிற பிரச்சினை இங்கே இல்லை.

விடுவதைப் பற்றி. கார்த்திகை பிறந்தால் என் நோயாளிகளில் ஒரு கூட்டம் மாலை போட்டுக்கொள்ளும், சிகரெட் கிடையாது, குடி கிடையாது, பேச்சுகூட "சாமி" என்றுதான். ஈறு ரத்தம் வடிவதும் வாய் நாற்றமும் குறைந்து, எனக்கே ஆள் அடையாளம் தெரியாது. "என்னால ஒரு நாள்கூட விட முடியாது டாக்டர்" என்று ஐப்பசியில் சொன்ன அதே ஆள்தான். மலையிலிருந்து இறங்கியதும் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு மண்டலம் விட்டவருக்கு மறுபடி விட முடியாது என்று என்னிடம் கதை சொல்ல உரிமை கிடையாது. புகையை விட்டால் ஐந்திலிருந்து பத்து வருஷத்துக்குள் வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து பாதியாகக் குறைகிறது. குடியைக் குறைத்தாலோ விட்டாலோ வாய்க்கும் உணவுக்குழாய்க்கும் ஆபத்து குறைகிறது என்பதற்குப் போதுமான சான்று இருக்கிறது என்று அந்தப் புற்றுநோய் ஆய்வு முகமை 2023ல் சொல்லியிருக்கிறது. ஒன்றை விட்டாலும் லாபம்தான், பெருக்கல் கணக்கு உடைந்துவிடுகிறதே. ஆனால் சிகரெட்டை மட்டும் விட்டுவிட்டு சனிக்கிழமை அதே மேஜையில் அதே ஆட்களோடு உட்காருகிறேன் என்றால், ரெண்டாவது ரவுண்டில் கை தானாகப் பக்கத்து ஆள் பாக்கெட்டுக்குப் போகும். ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை: காலையில் எழுந்ததும் கை நடுங்குகிற அளவுக்குத் தினமும் குடிக்கிறவர்கள் ஒரே நாளில் தாங்களாக நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம், டாக்டரைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். புகையிலைக்கு சிகரெட் பாக்கெட்டிலேயே ஓர் இலவச எண் இருக்கிறது, 1800-11-2356. அத்தனை வருஷம் பாக்கெட்டைக் கையில் வைத்திருந்தும் அதைப் படித்ததில்லை என்கிறார்கள்.

வாயைக் காட்ட வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்து நிமிஷ வேலை, நாக்கைத் துணியால் பிடித்து ரெண்டு பக்கமும் பார்ப்பேன், நாக்குக்கு அடியில், கன்னத்துக்கு உள்ளே, அண்ணத்தில், கழுத்தைத் தடவிப் பார்ப்பேன், வலிக்காது. நான் பத்து மணிக்குக் கிளினிக் திறக்கிறேன், டாஸ்மாக் பன்னிரண்டுக்குத்தான் திறக்கிறது, நடுவில் இருக்கிற ரெண்டு மணி நேரத்தில் வந்தால் ரெண்டு பேருக்கும் நல்லது.